ரீயூனியன் எரிமலைக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

பித்தோன் த லா ஃபுர்நேஸ் என்று முழுப் பெயரையும் சொல்லி வழி கேட்டால், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் கொஞ்சம் சிரிப்பார்கள். இந்தத் தீவில் அதற்கு 'வொல்கான்' என்பதுதான் பெயர். எரிமலை, அவ்வளவுதான். உயரம் 2,632 மீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதால் நம்மவர்களுக்கு அளவு உடனே பிடிபடும். காரை நிறுத்தும் இடமே 2,311 மீட்டரில், ஊட்டிக்கும் சற்று மேலே இருக்கிறது. ஆனால் ஊட்டியில் கிடைக்கிற சோலையும் நிழலும் இங்கே கடைசி ஆறு கிலோமீட்டரில் கிடையாது. கறுத்த எரிமலைப்பாறை, வெள்ளைப் பெயின்ட் புள்ளிகள், வானம். ஒரு மரமில்லை, ஒரு குழாய் இல்லை.

முதல் முறை வருகிறவர்களுக்கு நெருப்பைப் பற்றித்தான் பயம். உண்மையில் நெருப்பு வரும்போது பாதையைப் பூட்டிவிடுகிறார்கள். ஆட்கள் மாட்டிக்கொள்வது மூடுபனியில் வழி தவறி, கணுக்கால் பிசகி, தண்ணீர் தீர்ந்து, சட்டை நனைந்து குளிரில் விறைத்து. இந்த நான்கில் மூன்று, தாமதமாகக் கிளம்புவதால் வருபவை. எனவே இந்தக் கட்டுரை முழுக்கக் கடிகாரத்தைப் பற்றியது என்றுகூடச் சொல்லலாம்.

எந்த மாதம்

மே முதல் நவம்பர் தொடக்கம் வரை காய்ந்த காலம். பாதை வழுக்காது, காலை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். விலை, குளிர். கடற்கரையில் 25 டிகிரி இருக்கும்போது மேலே விடியற்காலையில் பூஜ்யத்தைத் தொடும். ஜூலை, ஆகஸ்டில் கார் கண்ணாடியில் உறைபனி படிந்திருக்கும். தென்கிழக்குக் காற்றும் அந்த மாதங்களில்தான் பலமாக வீசும்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலும். சிக்கல் என்னவென்றால், தீவின் தமிழ் வம்சாவளியினர் எடுக்கும் தைப்பூசக் காவடியும் பல கோயில்களின் தீமிதியும் இந்தக் காலத்தில்தான் வருகின்றன. சேன் ஆந்த்ரேயிலோ சேன் பியேரிலோ சொந்தக்காரர் வீட்டுக்குக் காவடி பார்க்க வந்து, 'அப்படியே எரிமலையையும் பார்த்துவிட்டுப் போகலாம்' என்று ஒரே ஒரு நாளை ஒதுக்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் மூன்று நாளையாவது திறந்து வைத்துக்கொண்டு, அதில் நல்ல காலை எது என்று பார்த்துப் போக வேண்டும்.

மழையை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், உலகத்தில் ஒரே நாளில் அதிகம் மழை கொட்டிய இடமாகப் பதிவானது இந்த மலையின் மேல்தான். 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர். சென்னைக்கு ஒரு முழு வருடத்தில் பெய்வதைவிட அதிகம். 2007 பிப்ரவரியில் கமேட் புயலின்போது எரிமலைக்கு ஏறும் சாலையோரத்தில் உள்ள கொமெர்சோன் பள்ளத்தில் மூன்று நாளில் 3,929 மில்லிமீட்டர் பெய்தது. வானிலை அறிக்கையில் பலத்த மழை எச்சரிக்கையோ புயல் எச்சரிக்கையோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டில் இருங்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ரீயூனியன் நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி பின்னால். வந்த முதல் ஓரிரு நாள் காலை 4 மணிக்கே தானாக விழிப்பு வரும், ஏனெனில் உடம்புக்கு அது ஐந்தரை. அந்த விழிப்பை எரிமலைக்குச் செலவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே நேரத்துக்கு எழ அலாரம் மூன்று வைக்க வேண்டியிருக்கும்.

முந்தின நாள் செய்ய வேண்டியவை

முதலில், பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். எரிமலையின் நிலையைத் தீவின் பிரிஃபெக்ட், அதாவது பிரெஞ்சு அரசுப் பிரதிநிதியின் அலுவலகம் அறிவிக்கிறது. 'விழிப்பு' நிலை என்றால் உள்ளே போகலாம், ஆனால் அடையாளமிட்ட பாதையில் மட்டும். 'அலர்ட் 1' என்றால் வெடிப்பு நெருங்கியிருக்கலாம், பாதை மூடல். 'அலர்ட் 2' என்றால் வெடிப்பு நடக்கிறது, பாதை மூடல்தான். வெடிப்பு அடங்கிய பிறகு 'சோவ்கார்த்' என்றொரு நிலை வரும். பாதையைச் சோதித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் காலம் அது. இதைத் தவிர, பாறை சரிந்தோ புயலில் சேதமாகியோ மூடியிருக்கும் பாதைகளின் பட்டியலை வனத்துறையான ஓ.என்.எஃப். வெளியிடுகிறது. இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

இரண்டாவது, தங்கும் இடம். தலைநகரான சேன் தெனியிலிருந்து மேலே போக இரண்டேகால் மணி நேரம், சேன் பியேரிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். விடியும்போது மேலே நிற்க வேண்டுமானால் சேன் தெனியில் தங்கியவர்கள் நடு ராத்திரியில் கிளம்பியது போல் ஆகிவிடும். ப்ளேன் தே காஃப்ர் பகுதியில், குறிப்பாக பூர் முராவில், முந்தின இரவு தங்குவது புத்திசாலித்தனம். மலை முகப்பிலேயே 'ஜீத் த்யூ வொல்கான்' என்ற மலைவிடுதி இருக்கிறது. பொதுப் படுக்கைகள்தான், முன்பதிவு இல்லாமல் போய் நிற்கக் கூடாது.

மூன்றாவது, ஸ்கூபா டைவிங். சேன் லூவில் கடலுக்குள் குதித்துவிட்டு மறுநாள் விடியலில் எரிமலைக்குப் போகும் திட்டத்தைப் பலர் போடுகிறார்கள். டைவிங் முடிந்து 24 மணி நேரமாவது ஆகாமல் 2,300 மீட்டருக்கு ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்ததும் குமிழியாகும். கார் ஏறினாலும் விமானம் ஏறினாலும் உடம்புக்கு ஒன்றுதான். எரிமலையை முதலில் வையுங்கள், கடலைப் பிறகு.

நான்காவது, யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்ற இரண்டே விவரம். கோயிலில் தேவாரம் கேட்கலாமே தவிர, தெருவில் பேச்சு க்ரியோல்தான். 'மி சவா வொல்கான்' என்றால் 'எரிமலைக்குப் போகிறேன்'. விடுதிக்காரருக்கு இவ்வளவு புரிந்தால் போதும், மீதியை விரலைக் காட்டிச் சொல்லிவிடலாம்.

காலுக்கும் பைக்கும்

செருப்பு, சாண்டல், மெல்லிய அடியுள்ள கேன்வாஸ் ஷூ எதுவும் வேண்டாம். கணுக்காலைப் பிடிக்கும், தடித்த அடியுள்ள மலையேற்ற ஷூ வேண்டும். ஊரில் அலமாரியில் நாலு வருடம் தூங்கிய ஷூவைத் துடைத்துக்கொண்டு வருவதுதான் பெரிய தப்பு. பார்க்கப் புதிது போல இருக்கும், உள்ளே பசை காய்ந்து போயிருக்கும். இந்தப் பாறை உப்புத்தாள் மாதிரி. இரண்டாவது கிலோமீட்டரில் முன்பக்கம் வாயைத் திறக்கும், நான்காவதில் அடிப்பாகம் தனியாகக் கழன்று கையில் வரும். கிளம்புமுன் ஷூவை இரு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். ஓரத்தில் கோடு பிளந்தால் அதை விட்டுவிடுங்கள். எதற்கும் இரண்டு மீட்டர் அகலப் பசைநாடாவைத் தண்ணீர் பாட்டிலின் மேல் சுற்றி வைத்துக்கொண்டால், கழன்ற அடியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடலாம்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், வெயில் மாதங்களில் மூன்று. பாதையில் ஊற்றோ குழாயோ இல்லை. காலையில் குளிராக இருப்பதால் குறைவாக எடுத்துக்கொண்டு, பத்து மணிக்கு மேல் கறுத்த பாறை சூடேறும்போது தவிக்கிறார்கள். சாப்பாட்டுக்கு உப்பும் எண்ணெயும் உள்ளதாக இருக்கட்டும். முந்தின மாலையே கடையில் சமோசாவும் 'போன்போன் பிமா'வும் வாங்கி வையுங்கள். போன்போன் பிமா என்பது நம் மசால் வடையின் ரீயூனியன் தம்பி, ஆறினாலும் கெடாது. விரதக்காரர்கள் கடைக்காரரிடம் இறைச்சி இல்லாத சமோசாவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமாகக் கிடைப்பதில் கோழியோ மாட்டிறைச்சியோ மீனோ இருக்கும்.

உடை அடுக்கடுக்காக இருக்க வேண்டும். உள்ளே பருத்தி வேண்டாம், வியர்த்து நனைந்தால் காயாது. விளையாட்டு டிஷர்ட், அதன் மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஜாக்கெட்டை வெயிலைப் பார்த்துவிட்டுக் காரில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். தொப்பி, வெயில் களிம்பு இரண்டும் கட்டாயம். இந்த உயரத்தில் மேகத்துக்குள்ளும் தோல் கருகும். தலை விளக்கு, விசில், அவசரப் போர்வை என்கிற அந்த வெள்ளித்தாள், இணையம் இல்லாமலும் வேலை செய்யும் வரைபடம். கூடவே தோட்ட வேலைக்குப் போடும் மெல்லிய கையுறை ஒரு ஜோடி. விழுந்தால் கையைத்தான் ஊன்றுவோம், இந்தப் பாறையின் விளிம்பு கண்ணாடித் துண்டு.

சாலை

சேன் பியேரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 3 லெ தாம்போன் வழியாக மேலேறுகிறது. வழியில் ஊர்களின் பெயரே எண்கள்: பதினான்காவது, இருபத்துமூன்றாவது என்று கிலோமீட்டர் கணக்கில். பூர் முரா இருப்பது இருபத்தேழாவதில். அங்கே வலப்புறம் 'வொல்கான்' என்ற பலகையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். பூர் முராவுக்குப் பிறகு பெட்ரோல் பங்க் கிடையாது, ஆகவே அதற்கு முன்பே நிரப்பிவிடுங்கள்.

இங்கே வண்டி வலப்புறம் ஓடும். இந்தியாவிலோ மொரீஷியஸிலோ ஓட்டிப் பழகியவர்கள் விமான நிலையத்தில் காரை எடுத்த முதல் நாளே, இருட்டில், மூடுபனியில், மலை வளைவில் ஏறுவது ஆபத்து. ஒரு நாளாவது கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பழகுங்கள். வாடகைக் கார்களில் கியர் வண்டிகள் நிறைய. ஆட்டோமேட்டிக்தான் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பூர் முராவிலிருந்து மேலே 22 கிலோமீட்டர் அளவு, முக்கால் மணி நேரம் பிடிக்கும். வழியில் 'நே த பெஃப்', அதாவது மாட்டு மூக்கு என்ற வளைவில் நிறுத்தினால் ராம்பார் ஆற்றின் பள்ளத்தாக்கு ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குத் திறந்து கிடக்கும். அதைப் போகும்போதே பாருங்கள், திரும்பும்போது மேகம் மூடியிருக்கும். கடைசியாகச் சாலை ஒரு மலைவிளிம்பைத் தாண்டி ப்ளேன் தே சாப்ல் என்ற செம்பழுப்பு மணல்வெளிக்குள் இறங்கும். இங்கே தார் இல்லை. குழிகள் உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போனால் டயரும் கெடும், பின்னால் வருகிறவர் கண்ணாடியும் கெடும்.

கார் இல்லாதவர்களுக்கு: 'கார் ஜோன்' என்ற மஞ்சள் பேருந்து சேன் பியேருக்கும் சேன் பெனுவாவுக்கும் இடையே ஓடும்போது பூர் முராவில் நிற்கும். அதற்கு மேல் வழக்கமான பேருந்து கிடையாது. வழிகாட்டியோடு சேர்ந்து வேனில் போவதுதான் நடைமுறை.

வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது உள்ளே எதுவும் தெரியும்படி வைக்க வேண்டாம், பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தீவு மக்கள் பெரிய அண்டாவோடு குடும்பமாக மேலே வந்து சமைத்துச் சாப்பிடுவார்கள். வாகனம் நிறுத்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

யார் எதுவரை போகலாம்

வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடையில் பெல்கோம் விளிம்பு. அங்கிருந்தே முழு எரிமலையும் அதைச் சுற்றிய 'ஆங்க்ளோ' என்ற பெரும் பள்ளமும் தெரியும். வயதானவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் பார்க்க வேண்டியதில் பாதியைப் பார்த்துவிட்டார்கள் என்று சொல்லலாம். கழிப்பறை இங்கே மட்டும்தான்.

அடுத்த கட்டம் ஃபோர்மிக்கா லியோ. போய்வர ஒன்றரை மணி நேரம். செந்நிறச் சின்னக் கூம்பு, 1753இல் உருவானது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் மகிழ்ச்சியாகப் போவார்கள். ஆனால் இறங்கும்போதுள்ள 500க்கு மேற்பட்ட படிகளைத் திரும்பும்போது ஏற வேண்டும் என்பதைத் தாத்தாக்கள் மறந்துவிடுவது வழக்கம். அதை முன்கூட்டியே ஒருமுறை நினைவுபடுத்துங்கள், மனது புண்பட்டாலும் பரவாயில்லை.

முழுப் பயணம் எரிமலையின் உச்சியிலுள்ள தொலோமியூ பள்ளத்தின் விளிம்பு வரை. போய்வர 11, 12 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம், மொத்த ஏற்றம் 500 மீட்டர் அளவு. படத்துக்கு நிற்பதையும் சாப்பாட்டையும் சேர்த்தால் ஆறு. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை இதற்குக் கூட்டிப் போக வேண்டாம்.

இறக்கமும் நடையும்

ஜூலையில் 6:50 அளவில் விடியும், ஜனவரியில் 5:40க்கே. முதல் வெளிச்சத்தில், ஆங்க்ளோவுக்குள் இறங்கும் படிகளின் வாசலைக் கடந்துவிடுங்கள். வாசலில் பூட்டுத் தொங்கினால் அதுவே பதில். வேலி தாண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அபராதம் ஒருபுறம், மீட்புக்காரர்களையும் ஆபத்தில் தள்ளுகிறார்கள்.

படிகள் செங்குத்துச் சுவரில் வளைந்து வளைந்து இறங்கும். பனித்துளியால் ஈரமாக இருக்கும், ஒரு கை எப்போதும் பாறைப் பக்கம் இருக்கட்டும். கீழே வந்ததும் தரையைக் கவனியுங்கள். இரண்டு விதமான பாறை. ஒன்று, கயிறு திரித்தது போலச் சுருண்டு வழவழப்பாக உறைந்தது. காலுக்குச் சுகம், ஆனால் அடியில் வெற்றிடம் இருக்கலாம். மற்றது 'கிராத்தோன்' என்று இங்கே சொல்லும் உடைசல், தீய்ந்த வெல்லப்பாகை உடைத்துப் போட்டது மாதிரி. காலை வைத்தால் உருளும். பாதை இரண்டையும் மாறி மாறிக் கடக்கும். உடைசலில் காலை இழுத்து நடக்கக் கூடாது, தூக்கி வைத்து முழுப் பாதத்தையும் ஊன்ற வேண்டும்.

வெள்ளைப் பெயின்ட் அடையாளம்தான் உங்கள் உயிர். அடுத்த அடையாளம் கண்ணுக்குத் தெரிந்த பிறகே இருக்கும் அடையாளத்தை விட்டு நகருங்கள். குறுக்கு வழி என்று எதுவும் இல்லை. பாதையை விட்டு விலகியவர்கள் மாட்டுவது மெல்லிய கூரை உள்ள எரிகுழம்புக் குழாய்களில்.

முக்கால் மணி நேரத்தில் ஷபேல் த ரோஸ்மோன் வரும். உள்ளே குடைந்த ஒரு சின்னக் கோயில் முகப்பு போன்ற பாறை. இங்கே நின்று மூன்று விஷயங்களைச் சோதியுங்கள்: மணி என்ன, தண்ணீர் எவ்வளவு, மேகம் எங்கே. மேகம் கிழக்குக் கடலிலிருந்தும் கீழ்ச்சரிவுகளிலிருந்தும் ஏறி வரும், பெரும்பாலும் காலை பத்து, பதினொன்றுக்கு. இப்போதே விளிம்பை வருடத் தொடங்கியிருந்தால் இங்கேயே திரும்புவது நல்லது. இதற்கு மேல்தான் உண்மையான ஏற்றம்.

நடக்கும்போது ஒரு சின்னப் பறவை நாலடி முன்னால் கல்லுக்குக் கல் தாவி, திரும்பிப் பார்த்து, கூடவே வரும். கறுப்பும் வெள்ளையும், நெஞ்சில் செம்பழுப்பு. 'தெக்-தெக்' என்பதுதான் அதன் கூவலும் பெயரும். தீவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. வடைத் துணுக்கைப் போட வேண்டாம், அது பூச்சி தின்னும் ஜாதி. பாறையின் மேல் சாம்பல் நிறத்தில் கம்பளி போலப் படர்ந்திருப்பது பாசி அல்ல, லைக்கன். எரிகுழம்பு ஆறியதும் முதலில் குடியேறுவது அதுதான், மிதிக்காமல் நடங்கள்.

பள்ளத்தின் விளிம்பில்

2007 ஏப்ரலில் பெரிய வெடிப்பு நடந்தபோது அடியிலிருந்த எரிகுழம்பு வெளியேறிவிட, மேல்தளம் உள்வாங்கி 300 மீட்டருக்கும் மேல் கீழே இறங்கிவிட்டது. இன்று நீங்கள் பார்ப்பது அந்தக் குழி. அதற்கு முன் விளிம்பைச் சுற்றி நடந்தவர்கள் உண்டு. இப்போது அந்தச் சுற்றுப்பாதையும் போரி பள்ளத்துப் பாதையும் மூடப்பட்டுவிட்டன. பார்வையிடத்தோடு நிற்க வேண்டும்.

விளிம்பு ஏன் ஆபத்து என்றால், அது வெட்டி வைத்த கேக் மாதிரி செங்குத்தாகப் பிளந்து நிற்கிறது. விளிம்புக்கு இணையாகத் தரையில் விரிசல்கள் ஓடுவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு விரிசலும் அடுத்து விழப் போகும் துண்டின் எல்லை. படம் எடுக்கக் கடைசி விரிசலைத் தாண்டிப் போகிறவர், காற்றில் தொங்கும் பாறை மேல் நிற்கிறார் என்று அர்த்தம். கந்தக வாசனை தொண்டையைக் கரகரக்கச் செய்தால் காற்று வீசி வரும் பக்கமாக நகருங்கள். ஆஸ்துமாக்காரர்கள் அதற்கு மேல் அங்கே நிற்க வேண்டாம்.

இங்கே ஒரு விஷயம் நம் ஊரோடு தொடர்புடையது. பூமிக்கு அடியில் இந்த எரிமலைக்குத் தீனி போடும் அதே வெப்ப ஊற்றுதான் 6.6 கோடி வருடங்களுக்கு முன் தக்காணத்தில் எரிகுழம்பைக் கொட்டியது. மகாராஷ்டிரத்தின் கறுப்புப் பாறைகள் அதன் வேலை. நிலத்தட்டு வடக்கே நகர நகர அதே ஊற்று லட்சத்தீவு, மாலத்தீவு அடித்தளங்களையும் மொரீஷியஸையும் கிளப்பிவிட்டு இங்கே வந்திருக்கிறது. கல்லை எடுத்துப் பையில் போடத் தோன்றும். இது 2007இல் உருவான தேசியப் பூங்காவின் மையப்பகுதி, 2010 முதல் உலகப் பாரம்பரியச் சொத்தும்கூட. கல், செடி, எதையும் எடுக்கக் கூடாது. அனுமதி இல்லாமல் ட்ரோனும் பறக்கவிடக் கூடாது.

பத்தரை மணிக்குள் விளிம்பை எட்டாவிட்டால் எந்த இடத்தில் இருக்கிறீர்களோ அங்கிருந்து திரும்புங்கள். மனசு ஒப்பாது. ஒப்பாமலேயே திரும்புங்கள்.

மூடுபனி பிடித்துக்கொண்டால்

பத்து நிமிடத்தில் வெளிச்சம் பால் நிறமாகும், அடுத்த ஐந்து நிமிடத்தில் கூட வந்தவர் காணாமல் போவார். அப்போது செய்ய வேண்டியது: எல்லோரும் ஒரு வெள்ளை அடையாளத்தில் கூடி நில்லுங்கள். ஜாக்கெட்டை உடனே போடுங்கள், குளிர்ந்த பிறகு போடுவதில் பயனில்லை. ஒருவர் அடையாளத்தின் மேலேயே நிற்க, இன்னொருவர் குரல் கேட்கும் தூரத்துக்குள் அடுத்த அடையாளத்தைத் தேட வேண்டும். கிடைத்ததும் மற்றவர்களைக் கூப்பிட வேண்டும். கிடைக்காவிட்டால் திரும்பி வந்து வேறு திசையில். மெதுவான வேலை, ஆனால் வழி தவறாது. அடையாளமே தெரியாத அளவுக்கு அடர்ந்தால் உட்கார்ந்துவிடுங்கள். மூடுபனி சில சமயம் அரை மணியில் விலகும்.

உண்மையிலேயே வழி தவறிவிட்டால் நடப்பதை நிறுத்துங்கள். 112ஐ அழையுங்கள். வேறு நிறுவனத்தின் கோபுரம் கிடைத்தாலும் இந்த எண் போகும். மலை மீட்புப் பணியைச் செய்வது பி.ஜி.எச்.எம். என்ற ஜெண்டார்மெரி (பிரெஞ்சுக் காவல் படை) பிரிவு. ஹெலிகாப்டர் வந்தால் இரு கையையும் வி போல உயர்த்துவது 'உதவி தேவை' என்று பொருள். ஒரு கை மட்டும் மேலே, மறு கை கீழே என்றால் 'தேவையில்லை'. ஆர்வத்தில் கையசைத்து வைக்காதீர்கள். மூடுபனியில் ஹெலிகாப்டர் வர முடியாது, அதற்குத்தான் அந்த வெள்ளித்தாள் போர்வை. கைபேசியின் மின்சாரம் குளிரில் வேகமாக இறங்கும், உள்சட்டைப் பையில் வையுங்கள்.

வெடிப்பு நடக்கும்போது வந்திருந்தால்

சராசரியாக ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை என்று கணக்குச் சொல்வார்கள், எரிமலை அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. 2023இல் ஜூலை 2 முதல் ஆகஸ்ட் 10 வரை தொடர்ந்து எரிந்தது. பூர் முராவில் உள்ள எரிமலை ஆய்வகம் நில அதிர்வுகளை இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1977 வெடிப்புக்குப் பிறகு அமைக்கப்பட்டது அது. ஆழத்தில் அதிர்வு தொடங்கி எரிகுழம்பு மேலே வர சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எனவே ஆங்க்ளோவுக்குள் இருக்கும்போது வெளியேறச் சொன்னால் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பும் பழக்கம் வேண்டாம்.

வெடிப்பு நேரத்தில் ஆங்க்ளோ மூடியிருக்கும். பார்ப்பதற்கு மேலே விளிம்பைப் பிடித்துப் போகும் பித்தோன் த பேர் பாதை இருக்கிறது. ஃபோக்-ஃபோக் வாகன நிறுத்தத்திலிருந்து ஒரு வழிக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். எரிவாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அங்கிருந்து தெரியுமா என்பது. மாலை போய் இருட்டியபின் திரும்புவதால் ஆளுக்கொரு தலை விளக்கு வேண்டும், கைபேசி வெளிச்சம் போதாது. போகும்போது இடப்புறமும் திரும்பும்போது வலப்புறமும் அதலபாதாளம் என்பதை நினைவில் வையுங்கள், எல்லோர் கண்ணும் சிவப்பு வெளிச்சத்தின் மேலேயே இருக்கும். அந்த இரவுகளில் தீவே மேலே திரண்டுவிடும். சாலையைக் காவல்துறை பாதியில் நிறுத்தி, அங்கிருந்து நடக்கச் சொல்வதும் உண்டு.

மேகம் ஏமாற்றினால் கிழக்கே

காலையில் மேலே மூடியிருந்தால் நாளை வீணாக்காமல் கடற்கரைக்கு இறங்கி, சேன்த் ரோஸுக்கும் சேன் ஃபிலிப்புக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 2இல் போங்கள். கிரான் ப்ரூலே என்ற இந்தச் சரிவில்தான் எரிகுழம்பு கடலுக்கு இறங்குகிறது. சாலையோரப் பலகைகளில் எந்த வருட எரிகுழம்பு எது என்று எழுதியிருக்கும். வருடம் கூடக் கூடச் செடி குறைவதை ஓடும் காரிலிருந்தே பார்க்கலாம். 1977 ஏப்ரலில் பித்தோன் சேன்த் ரோஸ் ஊருக்குள் புகுந்த எரிகுழம்பு, தேவாலயத்தின் முன்வாசலோடு நின்று இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போயிருக்கிறது. சுவரை ஒட்டி உறைந்து நிற்பதைத் தொட்டுப் பார்க்கலாம். 2007இல் சாலையையே அறுத்துக்கொண்டு கடலில் விழுந்தது. இப்போதைய சாலை அதன் முதுகில் போட்டது. மழை பெய்தால் அந்தப் பாறையிலிருந்து பல வருடம் கழித்தும் ஆவி எழும்பியது.

2004 எரிகுழம்புக் குழாய்களுக்குள் வழிகாட்டியோடு நுழைந்து பார்க்கலாம். தலைக்கவசம், விளக்கு, முழங்கால் உறை அவர்களே தருவார்கள். தனியாக நுழையக் கூடாது, உள்ளே கிளைகள் பிரியும். கடலோரப் பாறை விளிம்பிலிருந்து தள்ளியே நில்லுங்கள். இங்கே அலை எச்சரிக்காமல் ஏறும், பாறைக்கு அடியைக் குடைந்தும் வைத்திருக்கும். குளிக்க ஏற்ற இடம் இந்தக் கரையில் எங்குமில்லை. சாலையோரத்தில் சின்னச் சின்னச் சிவப்பு மாடங்கள் தென்படும், சேன் எக்ஸ்பெதி என்ற புனிதருடையவை. மதம் பாராமல் வேண்டிக்கொள்கிற இடங்கள் அவை, நம்மவர்களும் பூ வைத்திருப்பார்கள். பார்க்க வேண்டுமானால் வளைவில் நிறுத்தாமல், ஒதுக்கிய இடத்தில் வண்டியை விட்டு நடந்து வாருங்கள்.